உங்கள் கேஸ் ஹோஸுக்கு எத்தனை வயது?

(நோன்பு தொடங்குவதற்கு இரண்டு வாரங்களுக்கு முன், சாய்ந்தமருதில் பெண்கள் கூட்டமொன்றில் ஓய்வுபெற்ற மனைப்பொருளியல் ஆசிரியை ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

மேடைக்கு வருமுன் வாசலில் நின்று, உள்ளே வந்தவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "உங்கட வீட்டுக் கேஸ் ஹோஸ் எப்ப வாங்கினது?" ஒரு ராத்தா சொன்னார், மகளின் கல்யாணத்துக்கு வீடு கட்டும்போது வாங்கியதாம். அந்த மகளின் மூத்த பிள்ளை இப்போது ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் எழுதப் போகிறது. ஒரு தங்கச்சி, "அது அவருக்குத்தான் தெரியும் டீச்சர்" என்றார். அவர் கட்டாரில் இருக்கிறார். இருபது பேருக்கு மேல் கேட்டிருப்பேன். வாங்கிய ஆண்டைச் சொன்னவர் ஒருவருமில்லை. கையிலிருந்த போனை வாங்கிய மாதம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

சிலிண்டரைக் கடையிலிருந்து தூக்கி வருவது வீட்டு ஆண்கள். நாளைக்கு மூன்று நான்கு தடவை அதை எரிப்பது நாம். அது நல்ல நிலையில் இருக்கிறதா என்று பார்ப்பது யார்? வாங்கியவர், எரிப்பவள் பார்ப்பாள் என்று நினைக்கிறார். எரிப்பவள், வாங்கியவர் பார்த்துத்தானே வாங்கியிருப்பார் என்று நினைக்கிறாள். இந்த இரண்டு நினைப்புக்கும் நடுவில், குக்கரின் பின்னால் ஒரு ரப்பர்க் குழாய் ஆண்டுக்கணக்காகக் காய்ந்து வெடிக்கிறது. இதைப் பற்றிப் பேசத்தான் வந்தேன்.

பல வருடங்களுக்கு முன்னால் ஒரு நோன்பில் எங்கள் வீட்டில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்து வழக்கப்படி உம்மாவும் தங்கச்சியும் ஒரே வளவுக்குள். உம்மாவுக்குக் கட்டில் பிடிக்காது. குசினிக் கதவை ஒட்டிய விறாந்தையில் பாய் போட்டுத்தான் படுப்பார். சஹருக்கு எழும்பிய தங்கச்சி, தூக்கம் கலையாத கண்ணோடு குசினிக்குள் நுழைந்து லைட்டைப் போடக் கையை நீட்டியிருக்கிறாள். அவளுக்கு ஒரு நாற்றமும் தெரியவில்லை, கொஞ்சம் தடிமலும் இருந்தது. தரையில் படுத்திருந்த உம்மா எழுந்து, "நில்லு, தொடாதே" என்று சத்தம் போட்டார். அவருக்கு அழுகிய முட்டைக்கோவா போல ஒரு மணம் வந்துகொண்டிருந்தது. இருட்டிலேயே முன்கதவையும் பின்கதவையும் திறந்துவிட்டு, எல்லோரையும் முற்றத்துக்குக் கூட்டிப் போனார். விடிந்த பிறகு பார்த்தால் பென்ட்ரிக் கபேர்ட்டுக்குள் இருந்த ஹோஸை எலி கடித்திருந்தது. பட்டாணிக் கடலை அளவு ஓட்டை.

நின்றிருந்தவளுக்குத் தெரியாத மணம் படுத்திருந்தவருக்கு எப்படித் தெரிந்தது? மனைப்பொருளியல் படிப்பித்த எனக்கே அன்றுதான் அது உறைத்தது. நாம் எரிக்கும் கேஸ் காற்றைவிடக் கனமானது. அதில் இருப்பவை புரொப்பேன், பியூட்டேன் என்ற இரண்டு வாயுக்கள். புரொப்பேன் காற்றைப் போல் ஒன்றரை மடங்கு கனம், பியூட்டேன் இரண்டு மடங்கு. கசிந்தால் மேலே போகாது. தண்ணீர் போலத் தரையில் இறங்கி, கபேர்ட்டின் அடியில், கதவு இடுக்கில், வடிகானில், பாய்க்குப் பக்கத்தில் தேங்கும். ஆகவே மேலே ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறேன் என்ற ஆறுதல் அரை ஆறுதல்தான். கதவைத் திறந்து, தரையில் கிடக்கும் வாயு வெளியே ஓட வழி விட வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. சிலிண்டருக்குள் கேஸ் நீராக இருக்கிறது. அந்த நீர் வாயுவாக மாறும்போது சுமார் 250 மடங்கு பெருகும். ஒரு கோப்பை நீர் கசிந்தால் 250 கோப்பை வாயு. அறைக் காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கேஸ் கலந்தாலே பற்றுவதற்குப் போதும். சிலிண்டரைச் சரித்துப் படுக்கவைத்து எரிக்கக்கூடாது என்பது இதற்காகத்தான். கேஸ் முடியும் தறுவாயில் படுக்கவைத்து உருட்டி எரிக்கும் பழக்கம் நம் ஊரில் இருக்கிறது. அப்படிச் செய்தால் வாயு வரவேண்டிய வழியால் நீர் வந்துவிடும். தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

உம்மாவைக் காப்பாற்றிய அந்த மணம் கேஸின் சொந்த மணமில்லை. கேஸுக்கு இயல்பில் மணமே கிடையாது. எதைல் மெர்கப்டன் என்ற பொருளைக் கொஞ்சமாகக் கலந்து, வேண்டுமென்றே நாறவைக்கிறார்கள். இந்த வழக்கத்துக்குப் பின்னால் பெரிய துயரம் ஒன்று இருக்கிறது. 1937 மார்ச் 18ஆம் திகதி அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்ற ஊரில் ஒரு பாடசாலை வெடித்தது. கட்டடத்தின் அடியில் கேஸ் கசிந்து நிறைந்திருந்தது. மணமில்லாததால் யாருக்கும் தெரியவில்லை. ஏறத்தாழ 300 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் பிள்ளைகள். அதற்குப் பிறகுதான் கேஸுக்கு மணம் சேர்க்கவேண்டும் என்று அங்கே சட்டம் வந்தது. இன்று நம் குசினியில் வரும் அந்த நாற்றம், அந்தப் பிள்ளைகளின் உயிர் கொடுத்து வாங்கியது. அது வந்தால், "மீன் கழுவின தண்ணியாக்கும், தோணா நாத்தமாக்கும்" என்று தள்ளிவிட நமக்கு உரிமையில்லை.

இனி 2021க்கு வருகிறேன். அந்த ஆண்டு நவம்பரில் நாடெங்கும் குக்கர்கள் வெடித்ததும் தீப்பிடித்ததும் உங்களுக்கு மறந்திருக்காது. நவம்பர் 20ஆம் திகதி கொழும்பு ரேஸ் கோர்ஸ் கட்டடத்தில் நடந்த வெடிப்புக்குப் பிறகு, ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு ஊரிலிருந்து செய்தி வந்தது. கண்ணாடி மேற்பரப்புக் குக்கர்கள் நொறுங்கின, ரெகுலேட்டரில் தீ வந்தது, உயிர்களும் போயின. நமது வீடுகளில் பெண்கள் சிலிண்டரை முற்றத்தில் வைத்துவிட்டு விறகுக்குப் போனார்கள். மொரட்டுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சாந்த வல்பொலகே தலைமையில் எட்டுப் பேர் கொண்ட குழுவை ஜனாதிபதி நியமித்தார். கேஸின் கலவை மாறியதே முக்கிய காரணம் என்று அந்தக் குழு சொன்னது.

கலவை மாறினால் என்ன? இதைக் கொஞ்சம் நின்று புரிந்துகொள்ள வேண்டும். பியூட்டேன் பூச்சியப் பாகையை நெருங்கினால்தான் வாயுவாகும். புரொப்பேன் பூச்சியத்துக்குக் கீழே 42 பாகையிலேயே வாயுவாகிவிடும். குளிர்நாடுகளில் பியூட்டேன் உறைந்ததுபோல் படுத்துவிடும் என்பதால் அங்கே புரொப்பேன் வேண்டும். நம் போன்ற சூட்டு நாட்டுக்குப் பியூட்டேன் அதிகமாக இருந்தாலே போதும். இங்கே நூற்றுக்கு 20 அளவில் இருந்த புரொப்பேன் பாதியளவுக்கு உயர்ந்தது. நம் ஊர்ச் சூட்டில் அந்த மாற்றம் சிலிண்டருக்குள் அழுத்தத்தை ஏறத்தாழ ஒன்றரை மடங்காக்கும். நல்ல ரெகுலேட்டரும் நல்ல ஹோஸும் ஓரளவு தாங்கும். வாஷர் தேய்ந்த ரெகுலேட்டரும் காய்ந்த ஹோஸும் தாங்காது. டிசம்பரில், மெர்கப்டன் அளவு போதாதென்று கப்பலில் வந்த கேஸை இறக்கவிடாமல் நிறுத்திய செய்தியும் வந்தது. அழுத்தமும் கூடி, மணமும் குறைந்தால் என்ன ஆகும் என்பதை நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

அந்தக் குற்றம் நம்முடையதில்லை. கலவையை மாற்றியது எந்தப் பெண்ணும் இல்லை, எந்தப் பெண்ணிடமும் அதைச் சொல்லவும் இல்லை. ஆனால் வெடித்தபோது குக்கருக்கு முன்னால் நின்றவள் அவள்தான். மேலே இருப்பவர்கள் செய்யவேண்டியதை அவர்களிடம் கேட்டு வாங்குவோம். நம் கையில் இருப்பதை இன்னொருவருக்கு விட்டுவைக்க வேண்டாம்.

அடுத்த ஆண்டு, 2022, கேஸே இல்லாமல் போன ஆண்டு. சிலிண்டர்களைச் சங்கிலியால் பிணைத்து வரிசை போட்டோம். 12.5 கிலோ சிலிண்டர் ஏப்ரலில் 4,860 ரூபாய்க்குப் போனது. அப்போது பல மாதம் சும்மா கிடந்த குக்கரையும் ஹோஸையும், கேஸ் வந்ததும் தூசி தட்டி அப்படியே பூட்டியவர்கள் நிறையப் பேர். அந்த ஹோஸ் உங்கள் வீட்டில் இன்னும் இருந்தால், அதற்கு வயது போய்விட்டது.

ஹோஸை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். ரெகுலேட்டரை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை. இது எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லும் கணக்கு. நாம் இருப்பது கடற்கரை. மருதமுனையிலிருந்து நிந்தவூர் வரை, அக்கரைப்பற்று, பொத்துவில் வரை, நமது வீடுகளுக்குள் வரும் காற்றில் உப்பு இருக்கிறது. ஜன்னல் கம்பி எத்தனை வருடத்தில் துருப்பிடிக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். அதே உப்பு ஹோஸை இறுக்கும் கிளிப்பையும், ரெகுலேட்டரின் சுருளியையும், சிலிண்டரின் அடிவளையத்தையும் தின்கிறது. வாடைக்காற்றுக் காலத்தில் ஈரம், கச்சான் வீசும் காலத்தில் சூடு. ரப்பருக்கு இரண்டுமே ஆகாது. ஆகவே கடலுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் இரண்டு வருடம் முடியும்வரை காத்திருக்காமல், மாதம் ஒருமுறை ஹோஸை வளைத்துப் பாருங்கள். வளைக்கும்போது மேலே மெல்லிய கீறல்கள் தெரிந்தால், விறைத்திருந்தால், குக்கரோடு சேரும் நுனி தொளதொளத்திருந்தால், அன்றைக்கே மாற்ற வேண்டும். டேப் சுற்றுவது வைத்தியமில்லை. புது ஹோஸ் பூட்டும் நாளில் மாதத்தையும் ஆண்டையும் ஒரு சின்னத் துண்டில் எழுதி அதிலேயே கட்டிவிடுங்கள். நான் அப்படித்தான் செய்திருக்கிறேன்.

எலியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மாரி வெள்ளம் வந்தால் வளவிலிருக்கும் எலியெல்லாம் வீட்டுக்குள் வரும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தூங்குமுன் விளக்கை அணைக்கச் சொல்லியிருக்கிறார்கள். எலி திரியை இழுத்துப் போய் வீட்டாரை எரித்துவிடக்கூடும் என்று அதற்குக் காரணமும் சொன்ன செய்தி ஸஹீஹுல் புகாரியில் இருக்கிறது. மதீனாவில் ஓர் இரவில் ஒரு வீடு எரிந்ததைக் கேள்வியுற்று, நெருப்பு உங்கள் எதிரி, தூங்கும்போது அணைத்துவிடுங்கள் என்ற கருத்தில் அவர்கள் சொன்ன செய்தியும் அதே நூலில் உண்டு. திரி இருந்த இடத்தில் இன்று ஹோஸ் இருக்கிறது. எலி அதே எலிதான். இரவு இஷாவுக்குப் பிறகு குசினியை மூடும்போது குக்கரின் திருகியை மட்டும் மூடினால் போதாது. ரெகுலேட்டரையும் மூடவேண்டும். அப்படி மூடினால் எலி ஹோஸையே தின்று தீர்த்தாலும் கேஸ் வெளியே வராது. என் தங்கச்சி அன்றிரவு செய்யாமல் விட்டது இந்த ஒரு வேலையைத்தான்.

இப்போது நம் குசினிகளைப் பற்றி. எங்கள் மூத்தம்மாவின் குசினி வீட்டிலிருந்து பிரிந்து, வளவின் ஒரு மூலையில் இருந்தது. கிடுகுச் சுவர், எங்கும் ஓட்டை, புகையும் போகும், காற்றும் போகும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கடலோரத்தில் புதிதாகக் கட்டிய வீடுகளிலும், பெண்பிள்ளைக்கென்று இருக்கிற துண்டு வளவுக்குள் நெருக்கிக் கட்டிய வீடுகளிலும், குசினி வீட்டுக்குள் வந்துவிட்டது. டைல் பதித்து, பென்ட்ரி அடித்து, சிலிண்டரைக் கபேர்ட்டுக்குள் ஒளித்து, கதவைச் சாத்தி வைக்கிறோம். பார்வைக்கு அழகு. ஆனால் கசிந்த கேஸைச் சேர்த்து வைக்க இதைவிட நல்ல பெட்டி கிடையாது. முடிந்தவர்கள் சிலிண்டரை வெளிச்சுவரோடு, வெயில் படாத நிழலில், நேராக நிறுத்திவையுங்கள். முடியாதவர்கள் கபேர்ட் கதவின் அடிப்பகுதியில், தரையோடு ஒட்டி, கைவிரல் நுழையும் துவாரங்கள் சிலவற்றைப் போடச் சொல்லுங்கள். மேலே போட்டால் பயனில்லை என்பதற்கான காரணம் இப்போது உங்களுக்கே தெரியும். தச்சருக்கு அரைமணி நேர வேலை. ஹோஸைக் கபேர்ட் பலகையில் ஓட்டை போட்டு நுழைத்தால் அந்த ஓட்டையின் விளிம்பு ஹோஸை அறுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுத்தம் செய்வதற்கு வருவோம். இதில்தான் நம் பெண்கள் கெட்டிக்காரர்கள், இதிலேதான் தவறும் அதிகம்.

நம் சமையலில் பொங்கிச் சிந்தும் பொருட்கள் மூன்று: சோற்றுக் கஞ்சி, தேங்காய்ப்பால், நோன்புக் கஞ்சி. மூன்றும் பர்னரின் கண்களில் போய்க் காய்ந்து கல்லாகிவிடும். கண் அடைத்தால் கேஸ் சரியாகக் காற்றோடு கலக்காது, சுடர் ஒரு பக்கம் உயரும், ஒரு பக்கம் செத்துவிடும். ஆகவே வாரம் ஒருமுறை, நோன்பில் இரண்டு முறை, பர்னர்த் தலையைக் கழற்றிக் கழுவுங்கள். முதலில் ரெகுலேட்டரை மூடுங்கள். குக்கர் முழுதாக ஆறட்டும். தலையையும் மூடியையும் எடுத்துச் சுடுதண்ணீரில் சவர்க்காரம் போட்டு அரைமணி ஊறவையுங்கள். பழைய பல் துலக்கியால் தேய்த்து, கண்களை ஈர்க்கால் குத்துங்கள். ஈர்க்குத்தான் நல்லது, ஊசி உலோகத்தைச் சுரண்டும். பிறகு வெயிலில் ஈரமே இல்லாமல் காயவையுங்கள். ஈரத்தோடு பூட்டினால் சுடர் துப்பும். திரும்ப வைக்கும்போது அந்தத் தலை தன் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்ததா என்று விரலால் சுற்றிப் பாருங்கள். சாய்ந்து உட்கார்ந்த பர்னர் பக்கவாட்டால் நெருப்பு விடும்.

பர்னருக்குக் கீழே பித்தளையில் ஒரு சின்ன மூக்கு இருக்கும், ஜெட் என்பார்கள். அதைத் தொடாதீர்கள். அதன் துவாரம் நூல் நுழையும் அளவு. அந்த அளவில்தான் எல்லாக் கணக்கும் இருக்கிறது. ஊசியை விட்டு ஆட்டிப் பெரிதாக்கினால் சுடர் பெருகுகிறதே என்று மகிழ்வீர்கள். அது வேண்டாத கேஸ், வேண்டாத கரி. அடைத்திருந்தால் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுங்கள். பர்னரோடு சேரும் குழலுக்குள் சிலந்தி கூடு கட்டும், கரப்பான் போகும். பெருநாளைக்கு ஊருக்குப் போய்த் திரும்பினால் பற்றவைக்குமுன் அதையும் எட்டிப் பாருங்கள். கண்ணாடி மேற்பரப்புக் குக்கர் வைத்திருப்பவர்கள் சூடாக இருக்கும்போது ஈரத்துணியால் துடைக்கவேண்டாம். சஹன் சோற்றுக்குப் பெரிய பானையை அதில் ஏற்றவும் வேண்டாம். பானை அகலமாக இருந்து வெப்பம் கீழே திரும்பினால் கண்ணாடி பொறுக்காது.

சுடர் பேசும், கேட்கத் தெரியவேண்டும். நீலமாக, கூம்பாக, சத்தமில்லாமல் எரிந்தால் நலம். மஞ்சளாக, நீண்டு, ஆடி எரிந்தால் காற்றுப் போதவில்லை, பானையின் அடி கறுக்கும். பர்னரை விட்டு மேலே தூக்கி இரைந்து எரிந்தால் அழுத்தம் கூடியிருக்கிறது, ரெகுலேட்டரைப் பாருங்கள். அணைக்கும்போது டப் என்று உள்ளே வெடித்தால் பர்னர் அடைத்திருக்கிறது அல்லது சரியாக உட்காரவில்லை. ஒன்று மட்டும்: உப்புப் போட்ட கறி பொங்கிச் சிந்தினால் சுடர் கொஞ்ச நேரம் செம்மஞ்சளாகும். அது உப்பிலுள்ள சோடியத்தின் நிறம். பயப்பட வேண்டியதில்லை, துடைத்தால் போய்விடும்.

கசிவு பார்க்க நெருப்புக்குச்சியைக் கொளுத்திக் காட்டுகிற ஆண்களை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் வீட்டில் யாராவது அப்படிச் செய்தால் கையைப் பிடித்துத் தடுங்கள். ஒரு கோப்பையில் சவர்க்காரத் தண்ணீரை நுரைக்க அடித்து, ரெகுலேட்டர் சேரும் இடம், ஹோஸின் இரண்டு நுனி, ஹோஸ் நெடுக, எல்லாவற்றிலும் தடவுங்கள். ரெகுலேட்டரைத் திறந்து, குக்கரை மூடி வைத்து இதைச் செய்யவேண்டும். குமிழி வந்தால் கசிகிறது. புதுச் சிலிண்டர் பூட்டிய ஒவ்வொரு முறையும் இதைச் செய்யுங்கள். இரண்டு நிமிட வேலை.

புதுச் சிலிண்டர் வரும்போது வாசலிலேயே பாருங்கள். முத்திரை உடைந்திருந்தால், வால்வுக்குள் இருக்கும் ரப்பர் வளையம் வெடித்திருந்தால், அடிப்பக்கம் துருவேறிப் பொரிந்திருந்தால், எடுக்காதீர்கள். "கொண்டு வந்திட்டன், இனி என்ன செய்ற" என்று சொல்லும் மகனிடமும் மறுத்துச் சொல்லுங்கள். ஒருமுறை நான் திருப்பிக் கொடுத்தேன். கடைக்காரர் முகம் சுளித்தார், ஆனால் மாற்றித் தந்தார். பூட்டும்போது அந்தக் குசினியிலும் அடுத்த அறையிலும் நெருப்பு எதுவும் எரியக்கூடாது, ஊதுபத்தியும் சாம்பிராணிச் சட்டியும் உட்பட. வெற்றுச் சிலிண்டரின் மூடியையும் போட்டே வையுங்கள். வெற்று என்று நாம் சொல்லுவதிலும் கொஞ்சம் மிச்சமிருக்கும்.

கதவைச் சாத்திக்கொண்டு சமைப்பதைப் பற்றி. கனடாவில் பிள்ளைகள் இருப்பவர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள். அங்கே வீட்டின் அடித்தளத்தில் ஃபேர்னஸ் என்று ஒரு கேஸ் அடுப்பு இருக்கும். சமையலுக்கல்ல, வீட்டைச் சூடாக்க. குளிர் தொடங்குமுன் ஒவ்வொரு வருடமும் ஆள் வந்து பர்னரைப் பார்த்து, புகைக்குழாயைப் பார்த்து, வெப்பம் மாற்றும் தகட்டில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்ப்பார். காற்று வடிகட்டியைச் சில மாதத்துக்கு ஒருமுறை வீட்டாரே மாற்றுவார்கள். இங்கிலாந்தில் வாடகை வீட்டின் கேஸ் சாதனங்களை வருடம் ஒருமுறை பதிவுபெற்றவரைக் கொண்டு பரிசோதிக்கவேண்டுமென்று வீட்டுச் சொந்தக்காரருக்கே சட்டம் கட்டளையிடுகிறது. அங்கே இத்தனை கவனத்துக்குக் காரணம், கார்பன் மொனொக்சைட். காற்றுப் போதாமல் எரியும் எந்த நெருப்பும் அதை விடும். நிறமில்லை, மணமில்லை. நம் இரத்தத்தில் ஒட்சிசன் ஒட்டும் இடத்தில் அது ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தலையிடி, வாந்தி, மயக்கம், பிறகு எழும்பாத தூக்கம்.

மெர்கப்டன் இதற்கு உதவாது, ஏனென்றால் இது எரிந்த பிறகு வருவது. நமது ஊரில் கதவுகள் பெரும்பாலும் திறந்திருப்பது அல்லாஹ் தந்த பாதுகாப்பு. ஆனால் சஹர் நேரத்தில், மழை நாளில், பாதுகாப்புக்காகவும் நுளம்புக்காகவும் எல்லாக் கதவையும் சாத்திக்கொண்டு, இரண்டு பர்னரை ஒரு மணி நேரம் எரிக்கிறோம். அந்த நேரத்தில் ஒரு கதவாவது திறந்திருக்கட்டும். கரிச்சட்டியை அறைக்குள் வைத்துக்கொண்டு படுப்பவர்கள், குறிப்பாகப் பிள்ளை பெற்ற வீடுகளில், அதைக் கட்டாயம் நிறுத்தவேண்டும். கர்ப்பிணிக்கும் பச்சைப்பிள்ளைக்கும் அந்த வாயு இன்னும் கேடு.

மணம் வந்தால் என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். எந்த சுவிச்சையும் போடாதீர்கள், அணைக்கவும் வேண்டாம். இரண்டிலும் பொறி பறக்கும். மின்விசிறியும் அப்படித்தான், போனை வெளியே போய் எடுங்கள். குளிர்சாதனப் பெட்டி தானாகவே ஓடத் தொடங்கும்போதும் உள்ளே பொறி வரும். ஆகவே குசினிக்குள் நின்று யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம். ரெகுலேட்டர் கைக்கெட்டினால் மூடி, கதவுகளைத் திறந்து, பிள்ளைகளையும் வயதானவர்களையும் வெளியே கூட்டிப் போங்கள். மணம் முழுதாகப் போகும்வரை உள்ளே வர வேண்டாம்.

ரெகுலேட்டரில் நெருப்புப் பிடித்தால் பதற்றத்தில் நாம் செய்வது தண்ணீர் ஊற்றுவது, ஓடுவது. நெருப்புச் சின்னதாக இருந்து, நனைத்த துவாயால் கையைச் சுற்றிக்கொண்டு ரெகுலேட்டரை மூட முடியுமென்றால் மூடுங்கள். கேஸ் நின்றால் நெருப்பும் நிற்கும். மூட முடியாதென்றால் அந்த நெருப்பை மட்டும் அணைத்துவிட்டுக் கேஸைக் கசியவிடுவது இன்னும் ஆபத்து. விட்டுவிட்டு எல்லோரையும் தூரப்படுத்தி, தீயணைப்புப் பிரிவை அழையுங்கள். அந்த இலக்கத்தை இன்றே கேட்டு, குசினிக் கதவின் பின்னால் எழுதி ஒட்டுங்கள். அதற்குக் கீழே 1990, அம்புலன்ஸ். அதற்குக் கீழே 1977, நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை. பழுதான சிலிண்டர் தந்த முறைப்பாட்டை அங்கே சொல்லலாம்.

உடம்பில் நெருப்புப் பட்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் பிடியுங்கள். பற்பசை வேண்டாம், முட்டை வேண்டாம், மை வேண்டாம். சமைக்கும்போது முக்காட்டின் நுனியைச் செருகிக்கொள்ளுங்கள். நைலோன் துணி எரிவதோடு உருகித் தோலிலும் ஒட்டும். வீட்டுக்குள் பருத்தியே போடுங்கள்.

எத்தனையோ சொல்லிவிட்டேன். இதெல்லாம் யார் செய்வது என்று திரும்பக் கேட்கிறேன். வாப்பாமாரே, தம்பிமாரே, பின்வரிசையில் இருக்கும் உங்களுக்கும் ஒரு வார்த்தை. வீட்டில் ஹோஸ் மாற்றவேண்டும் என்று அவள் சொன்னால், "இன்னும் கொஞ்சநாள் போகட்டும்" என்று சொல்லாதீர்கள். காசு கொடுக்கும் உரிமை உங்களுக்கு இருக்கலாம். எப்போது மாற்றுவது என்று தீர்மானிக்கும் உரிமை நெருப்புக்கு முன்னால் நிற்பவளுக்குக் கொடுங்கள். ஊர்ப் பள்ளிவாசல் நிர்வாகிகளிடமும் ஒரு வேண்டுகோள். நோன்புக்கு முந்திய ஜும்ஆ ஒன்றில் இந்த விஷயத்தைச் சொல்லுங்கள். பள்ளிவாசலில் கஞ்சி காய்ச்சும் பெரிய அடுப்பின் ஹோஸையும் அன்று பாருங்கள். மகளிர் சங்கங்கள், வீதிக்கு இருவராகத் தேர்ந்து, சவர்க்காரத் தண்ணீரோடு வீடு வீடாகப் போகலாம். விதவைகளும் வயதானவர்களும் தனியாக இருக்கும் வீடுகளுக்கு முதலில் போங்கள். அங்கே ஹோஸ் வாங்கக் காசில்லையென்றால், ஸதகாவில் ஒரு பங்கை அதற்கு ஒதுக்குங்கள்.

என் உம்மா இப்போது இல்லை. அவர் பாய் விரித்த இடத்துக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு ஆணி இருக்கிறது. அதில் ஒரு சின்ன நோட்டு தொங்குகிறது. ஹோஸ் மாற்றிய மாதம், ரெகுலேட்டர் மாற்றிய மாதம், பர்னர் கழுவிய திகதி எல்லாம் அதில் தங்கச்சியின் கையெழுத்தில் இருக்கிறது. அவளுடைய மகள் இப்போது தொடர்ந்து எழுதுகிறாள். இன்று வீட்டுக்குப் போனதும் நீங்களும் குக்கருக்குப் பின்னால் ஒருமுறை எட்டிப் பாருங்கள்.